கப்பலை விட்டு இறங்கி, ரயிலில் ஏறி

திருவண்ணாமலை ரயில் நிலையத்திலிருந்து அதிகாலை 4 மணிக்கு ஒரு மெமு ரயில் புறப்படுகிறது. போளூர், ஆரணி ரோடு, கண்ணமங்கலம், வேலூர் கன்டோன்மென்ட், காட்பாடி, அரக்கோணம் என்று ஊர் ஊராக நின்று, காலை 10 மணிக்குச் சற்று முன்னதாகச் சென்னைக் கடற்கரை நிலையத்தில் வந்து சேர்கிறது. வேலூர் வரை ஓடிக்கொண்டிருந்த இந்த ரயிலை 2024 மே மாதம்தான் திருவண்ணாமலைக்கு நீட்டித்தார்கள். அகலப் பாதை வந்த பிறகும் சென்னைக்கு நேரடி ரயில் இல்லையே என்ற ஊரின் நெடுநாள் ஏக்கம் அன்று தீர்ந்தது. கட்டணம் 50 ரூபாய் அளவில்.

இந்த ரயில் கொண்டுபோய் விடும் இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கடற்கரை நிலையத்துக்கு வெளியே வந்தால் ராஜாஜி சாலை. அதன் மறுபுறம் சென்னைத் துறைமுகம். திருவண்ணாமலையில் பெட்டியோடு ரயில் ஏறிய ஒரு குடும்பம், பகல் சாப்பாட்டுக்கு முன்பே சொகுசுக் கப்பல் நிற்கும் துறைமுகத்தின் வாசலுக்குப் போய்விடலாம். எந்த வாசல் என்பதை மட்டும் கப்பல் டிக்கெட்டில் பார்த்துக்கொண்டு ஆட்டோ பிடித்தால் போதும்.

கப்பல் சுற்றுலா வெளிநாட்டுக்காரர்களின் சமாசாரம் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் சில ஆண்டுகளாகவே மாறிவருகிறது. 2022 ஜூன் 4-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் கோர்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலை முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். 1990-இல் பிரான்சில் கட்டப்பட்டு, அமெரிக்கக் கடல்களில் நெடுங்காலம் ஓடிய கப்பல் அது. மறு ஆண்டு, 2023 ஜூன் 5 அன்று, அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள் அந்தப் பயணத் திட்டத்தில் இருந்தன. 2025-இல் விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று உள்நாட்டுச் சுற்றும் வந்தது.

கப்பலுக்குள் நேரத்தைப் போக்குவது எளிது. நீச்சல் குளம், நாடகம், சாப்பாடு என்று எல்லாம் ஏற்பாடாகியிருக்கும். கப்பல் ஒரு துறைமுகத்தில் எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ நிற்கும்போது என்ன செய்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கப்பல் நிறுவனமே பஸ் ஏற்பாடு செய்து ஊரைச் சுற்றிக்காட்டும். அதைத்தான் ஷோர் எக்ஸ்கர்ஷன் என்கிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று நல்ல தொகை வாங்குவார்கள். இரண்டு கோயில், ஒரு கோட்டை, நடுவில் கட்டாயம் ஒரு கடை. அது வேண்டாம் என்பவர்கள் சொந்தமாகக் கரையிறங்கிப் போகலாம். அப்படிப் போகிறவர்களுக்கு உலகமெங்கும் மிகப் பிடித்த வாகனம் ரயில். செலவு குறைவு. மலையோ கடலோ ஜன்னலோரம் கூடவே வரும். எதிர் சீட்டில் அந்த ஊர்க்காரர் உட்கார்ந்திருப்பார். பஸ்ஸில் கைடு ஒப்பிக்கும் தகவல்களைவிட, அவரோடு பத்து நிமிஷம் பேசினால் அந்த ஊர் நன்றாகப் புரியும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்த சுற்றுலா பஸ் தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். சொந்தமாகப் போனவர் தாமதமானால் கப்பல் கிளம்பிவிடும். அடுத்த துறைமுகம் வரை விமானமோ ரயிலோ பிடித்துப் போய்ச் சேருவது அவர் பாடு, செலவும் அவருடையது. சொந்தமாகத் திட்டமிடுவதில் உள்ள அத்தனை வேலையும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் பிறக்கிறது.

சென்னையிலிருந்து கப்பல் ஏறுகிறவர்களுக்கு மிக அருகில் இருக்கும் உதாரணம் விசாகப்பட்டினம். 2023 செப்டம்பரில் அங்கே தனி சுற்றுலாக் கப்பல் முனையமும் திறக்கப்பட்டது. அந்த ஊரிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலை ஏறி அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போகும் ரயில் பாதை, இந்தியாவின் அழகான பாதைகளில் ஒன்று. பலரும் அதைச் சுற்றுலாவுக்குப் போட்ட பாதை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது கப்பலுக்காகப் போட்ட பாதை. சத்தீஸ்கரின் பைலடிலா மலையில் வெட்டிய இரும்புத் தாதுவை விசாகப்பட்டினம் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்ய, 1960-களில் ஜப்பானிய உதவியோடு கொத்தவலசாவிலிருந்து கிரண்டுல் வரை அமைத்தார்கள். 58 சுரங்கங்கள். வழியில் உள்ள சிமிலிகுடா நிலையம் கடல் மட்டத்திலிருந்து 996 மீட்டர் உயரம். அகல ரயில் பாதையில் நாட்டிலேயே மிக உயரமான நிலையம் என்ற பெயர் நெடுங்காலம் அதற்கு இருந்தது.

திருவண்ணாமலைக்காரருக்கு இந்த மலை முழுக்க அந்நியம் இல்லை. ஊருக்கு வடமேற்கே தெரியும் ஜவ்வாது மலையும் இதே கிழக்குத் தொடர்ச்சியின் ஒரு கண்ணிதான். ஆனால் ஜவ்வாது மலைமேல் ரயில் ஏறுவதில்லை. அரக்கு ரயில் சுரங்கத்துக்குள் புகுந்து இருட்டாகி, வெளியே வந்ததும் ஒரு பள்ளத்தாக்கைக் காட்டி, மறுபடி இருட்டுக்குள் போகும். பெட்டியில் இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் கூச்சல் போடுவார்கள். 2017 ஏப்ரலில் இந்தத் தடத்தில் கண்ணாடிக் கூரையும் சுழலும் இருக்கைகளும் கொண்ட விஸ்டாடோம் பெட்டி சேர்க்கப்பட்டது. வழியில் போரா குகை நிலையம். மேலே போனால் காபித் தோட்டங்கள். அரக்குக் காபிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு உடனே டிக்கெட் எடுக்கத் தோன்றும். அங்கேதான் நிதானிக்க வேண்டும். விசாகப்பட்டினத்திலிருந்து கிரண்டுல் போகும் பகல் ரயில் காலை 7 மணிக்கு முன்பாகவே புறப்பட்டுவிடும். அரக்கு போய்ச்சேர ஏறக்குறைய நான்கு மணி நேரம். அதே சேவையின் எதிர்த்திசை ரயில் பிற்பகலில் அரக்கை விட்டு இறங்கி, விசாகப்பட்டினம் வர இரவு 8 மணியைத் தாண்டும். கப்பல் காலை 8 மணிக்குக் கரை சேர்ந்து மாலையில் கிளம்புவதானால், போகும் ரயிலும் கிடைக்காது, வரும் ரயிலும் உதவாது. கப்பல் முந்தின நாளே வந்து இரவு தங்குமானால் கதையே வேறு. காலை ரயிலில் ஏறி, பகலில் அரக்கைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது கார் பிடித்து மலைச்சாலை வழியாக மூன்று, மூன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். போவது ரயிலில், வருவது காரில். உலகெங்கும் அனுபவப்பட்ட கப்பல் பயணிகள் கைக்கொள்ளும் வழி இதுதான். ரயில் தாமதமானால் பாதிக்கப்படுவது பார்க்கும் நேரம் மட்டும். கப்பல் தப்பாது.

சென்னைக் கப்பல்களின் பருவம் பெரும்பாலும் ஜூனில் தொடங்குகிறது. அதுவே அந்த மலைக்கு மழைக்காலம். அருவிகள் அப்போதுதான் நிறைந்து கொட்டும். மண் சரிந்து ரயில் நிற்பதும் அப்போதுதான். இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ரயில் நாளைத் திட்டமிடும் கணக்கு பின்னாலிருந்து தொடங்க வேண்டும். கப்பல் மாலை 6 மணிக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பயணிகள் எல்லோரும் ஏறிவிட வேண்டிய கடைசி நேரம் அதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னதாக இருக்கும். அன்றன்றைக்குக் கப்பலில் தரும் செய்தித் தாளில் அதை அச்சிட்டிருப்பார்கள். 5 மணி என்று கொள்ளலாம். துறைமுக வாசலில் பாதுகாப்புச் சோதனை உண்டு, வாசலிலிருந்து கப்பல் வரை நடக்கவிடாமல் துறைமுக பஸ்ஸில்தான் ஏற்றுவார்கள். ஆகவே வாசலுக்கு வர வேண்டியது 4 மணி. ரயில் நிலையத்திலிருந்து வாசலுக்கு ஊர் நெரிசலில் அரை மணி. அப்படியானால் ரயில் 3:30-க்குள் வந்து நிற்க வேண்டும்.

இதோடு நிறுத்துகிறவர்கள்தான் கப்பலைத் தவறவிடுகிறவர்கள். இன்னொரு கேள்வி கேட்டாக வேண்டும்: அந்த ரயில் ஓடவில்லை என்றால், அடுத்த ரயிலில் வந்தாலும் கப்பலைப் பிடிக்க முடியுமா? முடியும் என்றால் திட்டம் சரி. முடியாது என்றால் ஒரு ரயில் முன்னதாகத் திரும்ப வேண்டும், அல்லது கார் வாடகைக்குக் கையில் பணம் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே ரயில் ஓடும் தடத்தில், அது எவ்வளவு அழகான தடமாக இருந்தாலும், ரயிலை நம்பித் திரும்பக் கூடாது.

ரயில் தாமதமாக வருவதும் வரைபடம் பழையதாக இருப்பதும் பயணத்தை எப்படித் திருப்பும் என்பதற்குத் திருவண்ணாமலைக்கு மிக நெருக்கமான ஒரு சம்பவம் இருக்கிறது. 1896 ஆகஸ்ட் 29 அன்று, பதினாறு வயது வேங்கடராமன் அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பினார். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது. வீட்டில் இருந்த பழைய அட்லஸில் அண்ணாமலைக்குப் பக்கத்து ரயில் நிலையம் எது என்று தேடினார். திண்டிவனம் என்று தெரிந்தது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி போகும் பாதை சில ஆண்டுகளுக்கு முன்தான் வந்திருந்தது. அது அந்த அட்லஸில் இல்லை. ரயில் நேரம் கடந்து அவர் நிலையம் போனார். அன்று ரயிலும் தாமதமாக வந்ததால் ஏற முடிந்தது. 2 ரூபாய் 13 அணா கொடுத்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தார். பெட்டியில் உடன் வந்த ஒரு மௌல்வி, விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறினால் திருவண்ணாமலைக்கே போகலாம் என்று சொன்னார். விழுப்புரத்தில் இறங்கியபோது கையில் மிஞ்சிய சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து நடந்து, காதில் இருந்த கடுக்கனை அடகு வைத்து, திருக்கோவிலூரில் ரயில் ஏறி, செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலையில் இறங்கினார்.

அது அழைப்புக் கேட்டுப் புறப்பட்ட பயணம். அதற்குக் கால அட்டவணை தேவைப்படவில்லை. கப்பலுக்குத் திரும்பியாக வேண்டிய சுற்றுலாப் பயணியின் நிலை அப்படியில்லை. போன ஆண்டு யாரோ எடுத்துவைத்த ரயில் நேரத்தை நம்பி இறங்குவது, அந்த அட்லஸை நம்புவதைப் போன்றதே. புறப்படுவதற்கு முந்தின வாரம் ஒரு முறை, முந்தின நாள் ஒரு முறை, அதிகாரபூர்வமான அட்டவணையைப் பார்த்தாக வேண்டும். உடன் வரும் பயணியிடம் கேட்கவும் தயங்கக் கூடாது. 1896-இல் வழி சொன்னவரும் உடன் வந்த பயணிதானே.

இலங்கைப் பயணத்தில் இந்த எச்சரிக்கைக்கு மதிப்பு கூடுதல். அங்கே எந்தத் துறைமுகம் ரயிலுக்கு ஏற்றது என்பதை வரைபடத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். அம்பாந்தோட்டைக்கு ரயிலே கிடையாது. தெற்குப் பாதை 2019-இல் மாத்தறையிலிருந்து பெலியத்த வரை நீண்டதோடு நிற்கிறது. திருகோணமலையில் நிலையம் இருக்கிறது, ஆனால் அங்கிருந்து ரயில் காட்டுக்குள் நெடுந்தூரம் போகும். வண்டிகளும் குறைவு. ஒரு பகலில் போய்த் திரும்ப வழியில்லை. அங்கே இறங்குகிறவர்கள் கோணேசர் கோயிலுக்கு ஆட்டோ பிடிப்பதே உத்தமம். சம்பந்தர் பாடிய தலம், கடலுக்கு மேலே பாறை உச்சியில் நிற்கிறது.

காங்கேசன்துறை வேறு மாதிரி. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வடக்குப் பாதையின் கடைசி நிலையம் இருக்கிறது. மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், கொண்டாவில், கோக்குவில் என்று ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தால் யாழ்ப்பாணம். இருபது கிலோமீட்டர்கூட இல்லை. மலை கிடையாது, அருவி கிடையாது. செம்மண், பனைமரம், வெங்காயப் பாத்தி, வேலி அடைத்த வளவுகள். தமிழ்ப் பயணிக்கு இதைவிட மனத்தைத் தொடும் ஜன்னல் காட்சி குறைவு. 1905-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட பாதை, 1956 முதல் யாழ்தேவி ரயில் ஓடிய பாதை, போரில் 1990-இல் அறுந்துபோனது. தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துப் போனார்கள். இந்தியக் கடனுதவியில் இர்கான் நிறுவனம் மறுபடி போட்டுக் கொடுத்தது. 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பி வந்தது. இருபத்தைந்து ஆண்டு காலம் ரயிலைப் பார்க்காமலே ஒரு தலைமுறை வளர்ந்த பகுதி அது. அந்தத் தடத்தில் ஒரு பயணி வெறும் அரை மணி நேரம் போனாலும், அதன் பின்னால் உள்ள வரலாற்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அங்கே ஓடும் வண்டிகள் ஒரு நாளைக்குச் சிலவே. ஆகவே காலையில் ரயிலில் யாழ்ப்பாணம் போய், நல்லூரையும் நூலகத்தையும் பார்த்துவிட்டு, திரும்ப ஆட்டோவிலோ பஸ்ஸிலோ கீரிமலை வழியாகத் துறைமுகம் வருவது பாதுகாப்பான திட்டம். தூரம் குறைவு என்பதால் ரயில் நின்றுபோனாலும் பயமில்லை.

கொழும்பில் கப்பல் நின்றால் ரயில் பிரியருக்கு விருந்துதான். துறைமுகத்திலிருந்து கோட்டை ரயில் நிலையம் சிறிது தூரமே. அங்கிருந்து காலிக்குப் போகும் கரையோரப் பாதை கொள்ளுப்பிட்டியிலிருந்தே கடலை ஒட்டி ஓடுகிறது. சில இடங்களில் அலைத் துளி முகத்தில் படும். தெற்கே போகும்போது வலது பக்கத்து ஜன்னல் கடல் பக்கம், திரும்பும்போது இடது. காலி நிலையத்தில் இறங்கி நடந்தாலே டச்சுக்காரர் கட்டிய கோட்டைக்குள் போய்விடலாம். இரண்டரை மணி நேரம் போக, இரண்டரை மணி நேரம் வர, நடுவில் மூன்று மணி நேரம் கோட்டை. கொழும்புக்கு அன்றாடம் வேலைக்குப் போகிறவர்களின் தடம் என்பதால் அடுத்தடுத்து வண்டி உண்டு. ஒன்று தவறினால் இன்னொன்று வரும் என்ற நிபந்தனை இங்கே நிறைவேறுகிறது.

அதே தடத்தில் தெல்வத்தைக்கு அருகே பெரலிய என்ற ஊரைக் கடக்கும்போது ஒரு நினைவிடம் வரும். 2004 டிசம்பர் 26 அன்று கடற்கோள் வந்தபோது அந்த இடத்தில் ஒரு ரயில் நின்றிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் இறந்தார்கள். வேளாங்கண்ணியையும் நாகப்பட்டினத்தையும் அதே காலையில் இழந்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அந்த இடத்தின் கனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கண்டிக்குப் போகும் மலைப்பாதை இன்னும் அழகு. 1867-லேயே திறந்த பாதை. ரம்புக்கனையைத் தாண்டிக் கடுகண்ணாவ ஏற்றத்தில் ரயில் மெல்ல வளைந்து ஏறும்போது வலது புறம் பள்ளத்தாக்கு விரியும். ஆனால் ஒரு வழிக்கே மூன்று மணி நேரம் ஆகலாம். கப்பல் பன்னிரண்டு மணி நேரமாவது நின்றால்தான் அது சாத்தியம். படங்களில் எல்லோரும் பார்க்கும் எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்தை ஒரு நாள் கப்பல் பயணி மறந்துவிட வேண்டும். அது தீவின் மறுபக்கம், ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகும். மேலும், 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கொட்டிய மழையில் மலைநாட்டுப் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. எந்தப் பகுதி ஓடுகிறது என்று அன்றைய நிலவரத்தைப் பார்க்காமல் கண்டிப் பக்கம் திட்டம் போடக் கூடாது.

கப்பலும் ரயிலும் ஒன்றுக்கொன்று நேரம் ஒத்துக்கொண்டு ஓடிய காலம் ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, அங்கேயே காத்திருக்கும் கப்பலில் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட். போட் மெயில் என்ற பெயர் அப்படி வந்ததுதான். ரயில் வரும்வரை கப்பல் நிற்கும், கப்பல் வரும்வரை ரயில் நிற்கும். பயணி கடிகாரத்தைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் அதன் பிறகும் 1984 வரை ஓடி நின்றது. தலைமன்னாருக்கு ரயில் 2015 மார்ச்சில் திரும்பிவிட்டது. பாம்பனில் புதிய பாலமும் 2025 ஏப்ரலில் வந்துவிட்டது. இரண்டு கரையிலும் தண்டவாளம் தயாராக இருக்க, நடுவில் உள்ள கடலுக்கு மட்டும் கப்பல் வரவில்லை. இது ஒரு பெரிய குறை.

அந்த ஒத்திசைவு இன்றும் இருக்கும் இடங்கள் உலகில் உண்டு. நார்வேயில் ஃப்ளோம் என்ற சிற்றூரில் கப்பல் நிற்கும் துறையிலிருந்து நடக்கும் தூரத்தில் ரயில் நிலையம். 20 கிலோமீட்டரில் 860 மீட்டருக்கு மேல் ஏறும் பாதை அது. அலாஸ்காவின் ஸ்காக்வேயில் ரயில் கப்பல் துறைக்கே வந்து நிற்கும். அது எல்லை தாண்டிக் கனடாவுக்குள்ளும் போகும் பாதை என்பதால், எந்தப் பயணத்துக்கு பாஸ்போர்ட் வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் கப்பல் ஏறும் தமிழர்களுக்குப் பினாங்கு பழக்கமான துறை. ஜார்ஜ் டவுன் படகுத்துறையில் இறங்கி, பஸ்ஸில் ஆயர் ஈத்தாம் போனால், 1923 முதல் மலையேறும் கம்பிவட ரயில். உச்சியில் முருகன் கோயிலும் மசூதியும் அருகருகே. ரயில் சில நிமிஷத்துக்கு ஒருமுறை கிளம்புவதால் நேரக் கவலை இல்லை, வரிசைதான் நீளம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்று. மலேசியா, சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி முன்னால். கப்பலில் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறார்கள் என்று கேட்டு, கைக்கடிகாரத்தை அதற்கு வைத்துக்கொள்ள வேண்டும். செல்போன் தானாக வேறு நேரம் காட்டும்.

எல்லாத் துறைமுகத்திலும் கப்பல் கரையை ஒட்டி நிற்கும் என்றும் சொல்ல முடியாது. ஆழம் போதாத இடங்களில் கடலிலேயே நங்கூரம் போட்டு, பயணிகளைச் சிறு படகுகளில் கரை சேர்ப்பார்கள். 2025 ஜூலையில் புதுச்சேரிக்குக் கப்பல் வந்தபோது அப்படித்தான் இறக்கினார்கள். அத்தகைய இடங்களில் கப்பல் நிறுவனத்தின் டூர் எடுத்தவர்களுக்கே முதல் படகு. சொந்தமாகப் போகிறவர் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க நேரலாம். காற்று பலமாக இருந்தால் அந்தத் துறைமுகத்தையே விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுவதும் உண்டு. ஆகவே பணம் திரும்ப வராத ரயில் டிக்கெட்டை அங்கே முன்கூட்டி எடுப்பது வீண். இந்திய ரயில்களில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்தான் திறக்கிறது. கப்பல் பயணமோ அதற்கும் பல மாதங்களுக்கு முன்பே பதிவாகிவிடும். விஸ்டாடோம் போன்ற இடம் குறைந்த பெட்டிகளுக்கு அந்த 60-ஆம் நாள் காலையிலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

கரையிறங்கும்போது கையில் இருக்க வேண்டியவை: கப்பல் அட்டை, அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட்டின் நகல், உள்ளூர்ப் பணம், அன்றைய செய்தித் தாளில் அச்சிட்டிருக்கும் துறைமுக ஏஜென்ட்டின் தொலைபேசி எண். இந்தக் கடைசி எண்ணைப் பலர் குறித்துக்கொள்வதே இல்லை. தாமதமாகப் போகிறது என்று தெரிந்த கணமே கூப்பிட வேண்டியது அவரைத்தான். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். விசாகப்பட்டினமோ கொழும்போ, பிளாட்பாரம் மாறப் படியேற வேண்டியிருக்கலாம். கூட்டமான பெட்டியில் இரண்டரை மணி நேரம் நிற்கவும் நேரலாம். முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு அது சுற்றுலா ஆகாது. ஒரு வழி மட்டும் ரயில், அதுவும் முன்பதிவுப் பெட்டி என்று வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், சென்னைக்குக் கப்பலில் வரும் வெளிநாட்டவருக்கும் பயன்படும். ரமணாசிரமத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்கள் அவர்களில் உண்டு. ஆனால் கடற்கரை நிலையத்திலிருந்து திருவண்ணாமலை மெமு கிளம்புவது மாலை 6 மணிக்கு. ஊர் சேர நள்ளிரவு. சாலை வழியாகவும் ஒரு வழிக்கு நான்கு மணி நேரம் ஆகலாம். ஒரே பகல் நிற்கும் கப்பலில் வந்தவருக்கு அண்ணாமலை எட்டாது என்று சொல்லிவிடுவதே நேர்மை. அவருக்கு ஏற்றது காஞ்சிபுரம். அதே கடற்கரை நிலையத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகப் புறநகர் ரயில் போகிறது. கொளவாய் ஏரியை ஒட்டி ஓடும் அந்தத் தடமும் காலை வேளையில் கண்ணுக்குக் குளிர்ச்சியானது. திரும்பி வரக் காரும் பஸ்ஸும் தாராளம்.

சொகுசுக் கப்பல் எல்லோர் கைக்கும் எட்டுவது இல்லை. அவர்களுக்கு நாகப்பட்டினம் இருக்கிறது. 2023 அக்டோபர் 14-இல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் ஓடத் தொடங்கிய பயணிகள் சேவை காங்கேசன்துறைக்குச் சுமார் நான்கு மணி நேரத்தில் போய்ச் சேருகிறது. திருவண்ணாமலையிலிருந்து விழுப்புரம், மயிலாடுதுறை, திருவாரூர் வழியாக ரயில் மாறி நாகப்பட்டினம் போகலாம். இறங்கியதும் அதே காங்கேசன்துறை நிலையம், அதே பனைமரத் தடம். யாழ்ப்பாணத்தில் நான்கு நாள் தங்கலாம், வண்டி தவறினால் அடுத்ததுக்குக் காத்திருக்கலாம். அங்கிருந்து நேராகக் கொழும்புக்கும் ரயில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் கடல் கொந்தளிப்பால் சேவையை நிறுத்திவிடுவார்கள். கார்த்திகை தீபம் முடிந்த கையோடு கிளம்பலாம் என்று நினைப்பவர்கள், கப்பல் மறுபடி எப்போது ஓடத் தொடங்குகிறது என்று கேட்டறிந்த பிறகே விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும்.